திறக்காத அன்னாசி டப்பா

தேம்ஸ் நதியில் மெய்டன்ஹெட் ஊருக்குக் கொஞ்சம் முன்னால், மரநிழலில் படகைக் கட்டிவிட்டு மூன்று பேர் சாப்பிட உட்காருகிறார்கள். சில்லிட்ட மாட்டிறைச்சி இருக்கிறது. தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது இல்லை, மறந்துவிட்டார்கள். மூவர் முகத்திலும் சோகம். அப்போது ஜார்ஜ் கூடையின் அடியிலிருந்து ஓர் அன்னாசிப்பழ டப்பாவை எடுத்துப் படகின் நடுவே உருட்டிவிடுகிறான். போன உயிர் திரும்புகிறது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் சாற்றை நினைத்துக்கொள்கிறார்கள். ஹாரிஸ் கரண்டியைக்கூட எடுத்துத் தயாராக வைத்துவிட்டான். டப்பாவைத் திறக்கும் கருவியைத் தேடினால், அது மட்டும் இல்லை.

ஹாரிஸ் பேனாக்கத்தியால் குத்தினான். கத்தி உடைந்து கையும் கிழிந்தது. ஜார்ஜ் கத்தரிக்கோலை எடுத்தான்; அது எகிறி அவன் கண்ணைப் பறிக்கப் பார்த்தது. கதை சொல்பவன், 'ஜே' என்ற ஒற்றை எழுத்துப் பேர்வழி, படகுக் கொக்கியின் முனையால் இடிக்கப் போய்ச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தான். டப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. அது உருண்டு போய் ஒரு தேநீர்க் கோப்பையை உடைத்தது. பிறகு கரையேறி, வயலிலிருந்து கூரான பெரிய கல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் டப்பாவைப் பிடிக்க, இன்னொருவன் அதன் மேல் கல்லைப் பிடிக்க, ஜே பாய்மரக் கம்பத்தை ஓங்கி இறக்கினான். அன்று ஜார்ஜின் உயிரைக் காப்பாற்றியது அவனுடைய வைக்கோல் தொப்பி. அடித்த அடியில் டப்பா தட்டையானது, சதுரமானது, கணக்குப் புத்தகத்தில் உள்ள எல்லா வடிவமும் எடுத்தது. ஓட்டை மட்டும் விழவில்லை. கடைசியில் அதன் மேல் பதிந்திருந்த ஒரு பள்ளம் தங்களைப் பார்த்து இளிப்பது போலத் தெரிய, ஹாரிஸ் அதைத் தூக்கி நதியின் நடுவே வீசினான். மூவரும் சாபமிட்டார்கள். மெய்டன்ஹெட் வரும்வரை நிற்காமல் துடுப்புப் போட்டார்கள்.

ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' நாவலில் வரும் இந்தக் காட்சியில் அபூர்வமான ஒன்று உண்டு. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எதிரி டப்பா என்பதால் மூவரும் ஒரே கட்சி. புத்தகத்தின் மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் எதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான். 1889-இல் வெளிவந்த இந்த நாவல் இன்றும் விற்றுக்கொண்டிருப்பதற்குக் காரணமாக நதியழகு, பழைய இங்கிலாந்தின் மீதான ஏக்கம், நாயின் குறும்பு என்று பலவும் சொல்வார்கள். எனக்கு அந்தப் படகின் அளவுதான் முக்கியமாகத் தெரிகிறது. இறங்கிப் போக முடியாத ஓர் இடத்தில் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தான் ஒருவன்தான் பொறுப்பாக வேலை செய்கிறோம் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை.

முதலில் இது சிரிப்புப் புத்தகமாகத் திட்டமிடப்பட்டதே இல்லை. 1888 ஜூனில் ஜெரோமுக்குக் கல்யாணம். தேனிலவு தேம்ஸ் நதியில், படகில். திரும்பி வந்து லண்டன் செல்சி பகுதியில், 97 படி ஏறிப் போக வேண்டிய ஒரு மாடி வீட்டில், ஜன்னல் வழியே நதியைப் பார்த்தபடி எழுத உட்கார்ந்தார். மனத்தில் இருந்த தலைப்பு 'தேம்ஸின் கதை'. கரையோர ஊர்கள், அவற்றின் வரலாறு, இயற்கை வர்ணனை, நடுநடுவே வாசகர் கொட்டாவி விடாதிருக்கக் கொஞ்சம் நகைச்சுவை. நகைச்சுவையை முதலில் முடித்துவிட்டு வரலாற்றுக்கு வரலாம் என்று நினைத்தார். நகைச்சுவை முடிகிற வழியாகத் தெரியவில்லை. கடைசியில் பிடிவாதமாகப் பத்துப் பன்னிரண்டு வரலாற்றுப் பாளங்களை எழுதி, அத்தியாயத்துக்கு ஒன்றாகச் செருகினார். இதைத் தொடராக வெளியிட்ட 'ஹோம் சைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர் எஃப். டபிள்யூ. ராபின்சன் அவற்றில் பெரும்பகுதியைத் தூக்கிக் கடாசிவிட்டார். தலைப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு யோசியுங்கள் என்றார். பாதி எழுதிய பிறகுதான் 'படகில் மூவர்' என்ற பெயர் ஜெரோமுக்குத் தட்டுப்பட்டது. நல்ல பத்திரிகை ஆசிரியர் கத்தரிக்கோலால் எழுதுகிறவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு வெட்டும் நடந்தது. அதை ஜெரோமே செய்தார். தேனிலவில் கூட இருந்த மனைவி புத்தகத்தில் இல்லை. அவருடைய இடத்தில் ஜெரோமின் நிஜ நண்பர்கள் இருவர் ஏறிக்கொண்டார்கள். வங்கி ஊழியரான ஜார்ஜ் விங்கிரேவ், நாவலின் ஜார்ஜ். அச்சுத் தொழிலில் இருந்த கார்ல் ஹென்ட்ஷெல், நாவலின் ஹாரிஸ். நாய் மோன்ட்மொரென்சி மட்டும் முழுக் கற்பனை. சரியான முடிவு. புதுமணத் தம்பதி எதையும் பொறுத்துக்கொள்வார்கள். அதில் கதை கிடையாது. பிரம்மச்சாரி நண்பர்களிடையே அந்தத் தாட்சண்யம் எதுவும் இருக்காது.

மூவரும் போவது கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை. நதிவழியே ஏறக்குறைய 90 மைல். போய்த் திரும்ப இரண்டு வாரம் என்பது திட்டம். இரவில் படகின் மேல் வளையங்களை நட்டு, கித்தானைப் போர்த்தி, அதற்குள்ளேயே தூக்கம். அந்தக் காலத்துக்கு இது நாகரிகமான விடுமுறை. ஒரு காலத்தில் தேம்ஸ் சரக்குப் படகுகளின் பாதையாக இருந்தது. 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ரெடிங் நகரத்தைத் தொட்டது. சரக்கு மெல்ல மெல்ல ரயிலுக்குப் போயிற்று. வெறிச்சோடிய நதிக்கு அதே ரயில் பிற்பாடு லண்டன்வாசிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கியது. 1871-இன் வங்கி விடுமுறைச் சட்டம் குமாஸ்தாக்களுக்குச் சில நாட்களைக் கொடுத்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை என்ற பழக்கமும் பரவியிருந்தது. ஜார்ஜ் தினமும் பத்து முதல் நாலு வரை வங்கியில் தூங்குகிறான், சனிக்கிழமை மட்டும் இரண்டு மணிக்கே எழுப்பி வெளியே தள்ளிவிடுகிறார்கள் என்று ஜே சொல்கிறான். அந்த ஒரு வரிக்குள் ஒரு வர்க்கத்தின் கால அட்டவணையே அடங்கியிருக்கிறது. பயணம் தொடங்குகிற நாள் சனிக்கிழமை என்பதால், ஜார்ஜ் வேலை முடித்துவிட்டு வழியில்தான் வந்து ஏறிக்கொள்கிறான்.

இந்த வர்க்கம் இலக்கியத்துக்குள் வந்தது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ஜெரோமின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பணத்தைப் போட்டுத் தொலைத்தவர். சிறுவயதிலேயே அப்பாவை இழந்த பையன், 14 வயதில் ரயில்வே வேலைக்குப் போனான். அப்புறம் நாடக நடிகன், பள்ளி ஆசிரியர், வக்கீல் குமாஸ்தா. அவர் எழுதுகிற ஆங்கிலம் அலுவலகத்தில் பேசுகிற ஆங்கிலம். விமர்சகர்கள் கொதித்தார்கள். 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகை அவரை ஆங்கில இலக்கியத்துக்கு ஆபத்து என்றது. 'மார்னிங் போஸ்ட்' அவரை, கீழ்த்தட்டு மக்களுக்கு அளவுக்கு மீறிக் கல்வி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகக் காட்டியது. 'பஞ்ச்' பத்திரிகைக்காரர்கள் 'ஹாரி' என்ற பெயரின் 'ஹ'வை விழுங்கும் கொச்சை உச்சரிப்பில் ''ஆரி கே. 'ஆரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1870-இன் கல்விச் சட்டத்தால் எழுத்தறிந்த ஒரு புதிய கூட்டம் புத்தகக் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது என்பதுதான் உண்மையான எரிச்சல். அந்தக் கூட்டம் விமர்சனத்தைப் படிக்கவில்லை, புத்தகத்தை வாங்கியது. முதல் பதிப்பு 20 ஆண்டுகளில் 2,02,000 பிரதிகள் விற்றது. அமெரிக்காவில் திருட்டுப் பதிப்பாக மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் போயிற்று என்று ஜெரோம் கணக்குச் சொன்னார். அதில் அவருக்குக் காலணா வரவில்லை. இத்தனை பிரதிகளும் எங்கே போகின்றன, ஜனங்கள் தின்கிறார்களோ என்று பதிப்பாளர் ஏரோஸ்மித் வியந்தாராம்.

இனி, சிரிப்பு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். நம் ஊரில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் 'பேக்கிங்' என்ற பாடம் பல ஆண்டுகள் இருந்தது. அது இந்த நாவலின் ஒரு பகுதி. கேள்வி பதில் எழுதிய அவசரத்தில் பல பேருக்கு மறந்திருக்கலாம். மூட்டை கட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை, எல்லாவற்றையும் என்னிடம் விடுங்கள் என்கிறான் ஜே. அவன் நினைத்தது, தான் உட்கார்ந்து அதிகாரம் செய்ய, மற்ற இருவரும் ஓடியாடிக் கட்டுவார்கள் என்று. அவர்களோ, "சரி" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்கள். தான் வேலை செய்யும்போது பிறர் சும்மா இருப்பதைவிட எரிச்சலூட்டும் விஷயம் உலகத்தில் இல்லை என்கிறான் ஜே. அடுத்த மூச்சிலேயே, தன் சுபாவம் அப்படிப்பட்டதல்ல, ஒருவன் பாடுபடுவதைப் பார்த்துக்கொண்டு தன்னால் சும்மா உட்கார முடியாது, எழுந்து மேற்பார்வை பார்ப்பான் என்று பெருமைப்படுகிறான்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அவன் ஒரே நேர்மையோடு சொல்கிறான். நகைச்சுவையின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. ஜே கோமாளி வேஷம் போடுவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிற நியாயமான மனிதனாகத் தன்னை நினைத்துக்கொள்கிறான். பெட்டியைப் பூட்டி வார் கட்டி முடித்ததும், "பூட்ஸை வைக்க வேண்டாமா?" என்று கேட்கிறான் ஹாரிஸ். பெட்டியை மூடும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, பிறகு கேட்பதுதான் ஹாரிஸின் குணம் என்று புகார். பூட்ஸை வைத்து மூடினால், பல் துலக்கும் பிரஷை வைத்தோமா என்ற சந்தேகம். அதன் பிறகு நண்பர்கள் கூடையைக் கட்டும் படலம். வெண்ணெய் நாற்காலியில் வைக்கப்படுகிறது, ஹாரிஸ் அதன் மேல் உட்காருகிறான், வெண்ணெய் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றுகிறது. இருவரும் அதை எல்லா இடத்திலும் தேடுகிறார்கள். நாய் கூடைக்குள் புகுந்து எலுமிச்சம்பழங்களை எலி என்று பாவித்து மூன்றைக் கொன்றுவிடுகிறது. வேலையென்றால் தனக்கு உயிர், மணிக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஜே பிற்பாடு ஓரிடத்தில் சொல்வது மேற்கோளாகப் பிரபலமாகிவிட்டது. தனியாகப் பார்த்தால் அது வெறும் சாமர்த்தியம். மூட்டை கட்டிய ஜேயை அறிந்தவர்களுக்குத்தான் அதன் முழு ருசி.

தன்னைப் பற்றித் தப்பாகவே கணிக்கிறவர்களின் ஊர்வலம் இந்த நாவல். ஜேவுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் மருத்துவ அகராதியைப் புரட்டியதும் அதில் இருக்கும் எல்லா நோயும் தனக்கு இருப்பது தெரிகிறது. முழங்காலில் வரும் வீக்கம் ஒன்றுதான் இல்லை; வேலைக்காரப் பெண்களுக்கு வருவதாகப் பெயர் பெற்ற அந்த நோய் தன்னை ஏன் ஒதுக்கியது என்று அவனுக்கு மனவருத்தம்கூட. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தின் புதிர்வழிக்குள் ஹாரிஸ் ஒருமுறை போனான். எப்போதும் வலப்பக்கமே திரும்பினால் போதும், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றான். ஏற்கெனவே உள்ளே தொலைந்து கிடந்தவர்கள் இவன் தைரியத்தைப் பார்த்துப் பின்னாலேயே வந்தார்கள். கூட்டம் இருபதானது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது, காப்பாற்ற வந்த காவலாளியும் தொலைந்தான். பாட்ஜர் மாமா ஒரு படத்தை மாட்டுவதற்கு ஆணிக்கு ஒருவரை, சுத்தியலுக்கு ஒருவரை, அளவுகோலுக்கு ஒருவரை விரட்டி, நள்ளிரவில் கோணலாக மாட்டி முடித்து, சுவரெல்லாம் பெயர்ந்து, வீடே களைத்துப்போன பிறகு, "இதற்குப் போய் ஆள் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்!" என்கிறார். இந்த மாமா நம் குடும்பத்தில் யார் என்று எந்த வாசகருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாமாவுக்கும் தேம்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. படகில் போகிறவனுக்குப் பொழுது இருக்கிறது. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பாலாடைக்கட்டி என்றதும் லிவர்பூலிலிருந்து அதைச் சுமந்து வந்த ரயில்பெட்டி காலியான கதை. வானிலை என்றதும், பத்திரிகை அறிக்கையை நம்பிப் பலத்த மழைக்காக நாள் முழுக்க வீட்டுக்குள் காத்திருந்து வெயிலைப் பார்த்த கதை. 'தேம்ஸின் கதை' எழுத முயன்று தோற்றதன் லாபம் இதுதான். வழிகாட்டிப் புத்தகத்தின் எலும்புக்கூடு அப்படியே நின்றுவிட்டது. ஊர் வரிசை மாறாது, மதகுகள் மாறாது, நதி தன்பாட்டில் ஒரே திசையில் ஓடுகிறது. அதனால் கதை எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் தொலைந்துபோவதில்லை. அடுத்த வளைவில் படகு காத்திருக்கிறது.

ராபின்சனின் கத்தரிக்குத் தப்பிய வர்ணனைகள் அங்கங்கே இருக்கின்றன. இரவை அன்னையாக்கி உருகும் பத்திகளை நான் முதல் வாசிப்பிலேயே தாண்டிப்போனேன், இப்போதும் தாண்டுகிறேன். ஆனால் தாண்ட முடியாத ஓர் இடம் 16-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. கோரிங் அருகே தண்ணீரில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது. ஜார்ஜ் குனிந்து பிடிக்கப் போய், அலறிப் பின்வாங்குகிறான். ஒரு பெண்ணின் பிணம். காதலித்து ஏமாந்தவள், வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள், கையில் குழந்தை. வாரம் 12 ஷில்லிங் கூலி. அதில் ஆறு குழந்தைக்கு, மிச்சம் ஆறில் இவள். ஆறு ஷில்லிங் உடலையும் உயிரையும் அவ்வளவு இறுக்கமாகச் சேர்த்து வைத்துவிடாது என்று எழுதுகிறார் ஜெரோம். அதே சிரிப்புக் குரல்தான், தொனிகூட மாறவில்லை. 97 படி ஏறிப்போன அந்தச் செல்சி வீட்டுக்கு அவர் கொடுத்த வாடகை வாரம் 14 ஷில்லிங். ஏழைமையைக் கிட்டத்தில் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு தெரியும்.

அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் மூவரும் நதியில் துணி துவைக்கிறார்கள். ரெடிங்குக்கும் ஹென்லிக்கும் இடையில் இருந்த அழுக்கு முழுவதும் தங்கள் துணியில் ஏறி, நதி சுத்தமாகிவிட்டது என்கிறான் ஜே. சில விமர்சகர்களுக்கு இந்தத் தாவல் உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. பிணத்தைக் கரைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வெளுக்க வேண்டிய துணியோடு மேலே போவதைத் தவிர அந்த மூவர் வேறென்ன செய்திருப்பார்கள்?

நதியின் கட்டுப்பாடு எவ்வளவு உதவியது என்பதை 1900-இல் ஜெரோம் எழுதிய அடுத்த பாகம் காட்டிக்கொடுத்தது. அதே மூவர், இந்த முறை ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் சைக்கிள் பயணம். தனித்தனிப் பகுதிகள் அபாரம். சைக்கிளைப் பழுதுபார்க்கிறேன் என்று பிரித்துப்போடும் நண்பரைப் பற்றிய பக்கங்கள் அன்னாசி டப்பாவுக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் சைக்கிளில் போகிறவனுக்குக் கோபம் வந்தால் மிதித்துக்கொண்டு முன்னால் போய்விடலாம். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒருவன் நீரைத் தெளித்தால் மூவரும் நனைகிற நெருக்கம் அங்கே இல்லை. முதல் புத்தகமோ எந்த மொழிக்குப் போனாலும் பிழைத்துக்கொண்டது. தேம்ஸைக் கண்ணால் காணாத ரஷ்ய வாசகர்கள் அதைத் தங்கள் வீட்டுப் புத்தகமாக ஆக்கிக்கொண்டார்கள்; 1979-இல் சோவியத் தொலைக்காட்சிக்குப் படமாகவும் எடுத்தார்கள். ஊர்ப்பெயர்கள் புரியாவிட்டாலும், படகுக்குள் நடப்பது எல்லோருக்கும் புரிந்தது.

பயணம் முடிகிற விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. கித்தானுக்குள் நனைந்த ரொட்டி, சீட்டாட்டம், ஜார்ஜ் பாஞ்சோவில் வாசித்த ஒரு சந்தோஷப் பாட்டைக் கேட்டு அழுகை முட்டியது. இருந்தாலும் இரண்டு வாரம் என்று சொல்லி வந்தோம், செத்தாலும் முடித்துவிட்டுத்தான் போவோம் என்று மறுநாளும் உறுதியெடுத்தார்கள். பிறகு பாங்போர்ன் ஊரிலிருந்து ஐந்து மணிக்குச் சற்றுப் பின் ஒரு ரயில் இருப்பதை ஒருவன் சும்மா சொல்லிவைத்தான். யாரும் பதில் பேசவில்லை. மௌனமாகப் பையை எடுத்தார்கள். நதியின் மேலும் கீழும் பார்த்தார்கள்; ஆள் நடமாட்டம் இல்லை. இருபது நிமிடம் கழித்து மூன்று உருவங்கள், பின்னால் வெட்கித் தலைகுனிந்த ஒரு நாய், ஸ்டேஷனை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிப் போயின.

மழைக்குப் பயந்து ஓடுகிறோம் என்று படகுக்காரரிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. படகு நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். எதிர்பாராமல் ஏதாவது நேர்ந்து வரமுடியாமல் போனால், கடிதம் போடுகிறோம் என்றார்கள்.